கிளிஞ்சல் ரோஜா

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கரைக்கும் கோயிலின் கிழக்கு வாசலுக்கும் நடுவே உள்ள கடைகளில், அநேகமாக எல்லாக் கடையிலும் கிடைக்கிற ஒரு கலைப்பொருளை இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். சினிமா அல்ல, நாவல் அல்ல. கிளிஞ்சலால் செய்த ஒரு ரோஜாப்பூ.

விரல் நகம் அளவுக் கிளிஞ்சல்கள் பத்துப் பதினைந்தைச் சாய்த்துச் சாய்த்து ஒட்டி இதழ்களாக்கியிருக்கிறார்கள். அதன்மேல் அழுத்தமான ரோஸ் கலர் சாயம். பச்சை பிளாஸ்டிக் காம்பு. கீழே பீடமாக ஒரு பெரிய சிப்பி. அதில் சிவப்பு பெயின்ட்டில் 'ராமேஸ்வரம்'. எல்லாவற்றுக்கும் மேலே, தொட்டால் கையில் ஒட்டுமோ என்று பயப்படுகிற மாதிரி வார்னிஷ். நம்மில் பாதிப் பேர் வீட்டு ஷோகேஸில், தாஜ்மகால் பொம்மைக்கும் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்கும் நடுவில் இதற்கு ஓர் இடம் இருந்திருக்கும்.

'சீப்பான சமாச்சாரம்' என்று இதை உதறிவிடுவது சுலபம். அது நியாயமில்லை. அந்த இதழ்களை ஒட்டிய கை சாதாரணக் கை அல்ல. உள்ளே போகப்போக அளவைக் குறைத்து, வளைவோடு வளைவு பொருந்தும்படி வைத்திருக்கிறார். ஒரு பூ எப்படி விரியும் என்று அவருக்குத் தெரியும். பகட்டு நிறமும் குற்றமில்லை, நம் கோபுரங்களே பகட்டு நிறம்தான். என் புகார் வேறு. கிளிஞ்சல் கிளிஞ்சலாக இருப்பதற்கு இந்தப் பொருள் வெட்கப்படுகிறது.

ஒரு கிளிஞ்சலை எடுத்து உற்றுப் பாருங்கள். அதன் முதுகில் வரிவரியாக இருக்கிறதே, அது அலங்காரத்துக்காகப் போட்டது அல்ல. வளர்ச்சியின் கணக்கு. உள்ளே இருந்த பிராணி கடல்நீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்து, ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. மரத்துக்கு வளையம் மாதிரி, இதற்கு வரி. ஒரு சின்ன ஜந்துவின் டைரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த டைரியின் மேல் சாயம் அடித்து, மதுரை பூ மார்க்கெட்டில் கூடை கூடையாகக் கொட்டிக்கிடக்கிற பூவைப் போல ஆக்குவதற்குக் கடல் எதற்கு? பேப்பரிலேயே செய்துவிடலாமே!

"இதெல்லாம் எங்கேருந்து வருது?" என்று கேட்டால் கடைக்குக் கடை ஒரே பதில்தான். "கரையில ஒதுங்குனதுதான் சார். பொறுக்கிக்கிட்டு வந்து குடுப்பாக."

இந்தக் கைத்தொழிலின் மொத்த கௌரவமும் 'பொறுக்கியது' என்கிற சொல்லில் இருக்கிறது. கடல் வேண்டாமென்று வீசியதை மனிதன் எடுத்து உபயோகமாக்குகிறான், யாருக்கும் நஷ்டமில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்களே தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை போய் (2017-லிருந்து முனை வரைக்கும் தார் ரோடு இருக்கிறது) அரை மணி நேரம் குனிந்து பொறுக்கிப் பாருங்கள். கையில் சேர்வது எல்லாம் வெயிலில் வெளுத்தது, ஓரம் சிதைந்தது, அலை உருட்டி உருட்டி வரி தேய்ந்துபோனது. முழுசாக ஒன்று கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். கடையில் இருப்பதோ சேதமே இல்லாமல், நிறம் மங்காமல், ஒரே சைஸில், மூட்டை மூட்டையாக. கரை ஒதுங்குகிற எதுவும் ஒரே சைஸில் மூட்டையாக ஒதுங்குவதில்லை.

பளபளக்கிற சங்கும் சோழியும் பெரும்பாலும் உயிரோடு எடுக்கப்பட்டவை. இழுவலையில் மீனோடு சேர்ந்து அள்ளிக்கொண்டு வந்தவை, நண்டு வலையில் மாட்டியவை, ஆள் முங்கி எடுத்தவை. உள்ளிருக்கும் சதையை வேகவைத்தோ, மண்ணில் புதைத்து அழுகவிட்டோ வெளியே எடுக்கிறார்கள். பிறகு ஓட்டை ஆசிட் கலந்த தண்ணீரில் முக்கி, மேலே படிந்த பாசியையும் தோலையும் கழற்றி, எண்ணெயோ வார்னிஷோ பூசினால் அந்த மினுமினுப்பு வரும். ஷோகேஸில் வைத்துப் பார்க்கும்போது ஆசிட் வாசனை வராது.

இதில் கொஞ்சம் சட்டமும் இருக்கிறது. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவற்றோடு இருபதுக்கும் மேற்பட்ட சங்கு, சோழி, சிப்பி வகைகளையும் சேர்த்தார்கள். ஹெல்மெட் மாதிரி இருக்கும் பெரிய சங்கு, நாட்டிலஸ் எல்லாம் அதில் உண்டு. காரணம் இல்லாமல் இல்லை. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. 1986-ல் அவற்றைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அந்த 21-ல் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்கிற இரண்டு தீவுகள் இன்று கடலுக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல வருஷம் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் அரண் போய், அலை தின்றுவிட்டது. ஷோகேஸ் பொம்மைக்காகத் தீவு முழுகியது என்று நான் சொல்லவில்லை. கடலிலிருந்து எடுப்பதற்கு ஒரு கணக்கு உண்டு என்பதைக் கண்ணெதிரே பார்த்த ஊர் இது, அதனால் சொல்கிறேன்.

பொறுக்கியது என்பதாவது அரை உண்மை. வலம்புரிச் சங்கு விஷயத்தில் நடப்பது முழு வேடிக்கை. நம் கடல் சங்கில் வலம்புரி அபூர்வத்திலும் அபூர்வம், அதனால்தான் அதற்கு அந்த விலையும் பக்தியும். ஆனால் அட்லாண்டிக் ஓரத்தில், மெக்சிகோ வளைகுடாப் பக்கம், வேறொரு ஜாதி நத்தைக்கு இயல்பாகவே அந்தத் திசைச் சுழி. அங்கே அது சாதாரணம். அதைக் கப்பலில் வரவழைத்து நம் ஊர் புண்ணிய ஸ்தலங்களில் வலம்புரி என்று விற்கிறார்கள். வாங்கியவர் பூஜையறையில் வைத்துக் கும்பிடுகிறார். அமெரிக்க நத்தைக்குக் கிடைத்த யோகம்!

கடைக்காரரை வில்லனாக்குவது என் நோக்கமல்ல. சீஸனில் சம்பாதித்து மழைக்காலத்தைத் தள்ளுகிறவர்கள். வீட்டில் உட்கார்ந்து சிப்பி ஒட்டுகிற பெண்களுக்குக் கிடைப்பது இன்னும் சொற்பம். கேட்கிறவன் ரோஜா கேட்டால் அவர்கள் ரோஜாதான் செய்வார்கள். கேட்டது நாம்தான்.

அதே கடையில், அதே கூரையின் கீழே ஒரு நல்ல பொருளும் தொங்குகிறது. மெல்லிய தட்டைச் சிப்பிகளைத் துளையிட்டு நூலில் கோத்த தோரணம். சாயம் கிடையாது, ஊர் பெயர் கிடையாது. கடல் காற்று அடித்தால் கிலுகிலு என்று ஒரு சத்தம். கண்ணாடியும் இல்லை உலோகமும் இல்லை, சிப்பி மட்டுமே தருகிற சத்தம். வெயில் பட்டால் பாதி ஒளி உள்ளே நுழைந்து பாதி நின்றுவிடும். இந்த குணத்தைக் கண்டுபிடித்துத்தான் கோவாவின் பழைய வீடுகளில் ஜன்னலுக்குக் கண்ணாடிக்குப் பதிலாகச் சிப்பியைச் செதுக்கிப் பொருத்தினார்கள். சிப்பிக்கு என்ன தெரியுமோ அதைச் செய்யவிட்டிருக்கிறார்கள். ரோஜாவுக்கும் தோரணத்துக்கும் விலையில் பெரிய வித்தியாசமில்லை. யோசனையில்தான் வித்தியாசம்.

இந்தக் கரைக்கு அந்த யோசனை புதிதல்ல. வைகை கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ராமநாதபுரத்திலிருந்து எட்டிப் போகிற தூரத்தில் அழகன்குளம் இருக்கிறது. 1986-ல் தொடங்கிப் பல தடவை அங்கே மாநிலத் தொல்லியல் துறை தோண்டியது. ரோமானியக் காசு, கப்பல் கீறிய பானை ஓடு இவற்றுக்குத்தான் பத்திரிகையில் பெரிய எழுத்து கிடைத்தது. கூடவே சங்கு வளையல்களும் கிடைத்தன. என் கண்ணுக்கு அவைதான் முக்கியம். சங்கைக் குறுக்கே அறுத்தால் உள்ளே இயல்பாகவே ஒரு வளையம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்ட ஆள் யாரோ, அவர் பெரிய கலைஞர். ஒட்ட வேண்டாம், வளைக்க வேண்டாம், சாயம் வேண்டாம். சங்குக்குள் வளையல் ஏற்கெனவே இருந்தது. இவர் வெளியே எடுத்தார், அவ்வளவுதான்.

பிறகு என்ன ஆயிற்று? பல நூற்றாண்டாக இந்தக் கடலின் சங்கு மூட்டையில் ஏறி வங்காளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே கல்யாணமான பெண்கள் கையில் சங்கு வளையல் போடுவது வழக்கம். டாக்காவில் அந்தத் தொழில் செய்கிறவர்களுக்கென்றே ஒரு தெரு உண்டு, சாங்காரி பஜார். மதராஸ் மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னல் என்ற வெள்ளைக்காரர் சங்கைப் பற்றி மட்டுமே 1914-ல் ஒரு தனிப் புத்தகம் எழுதினார். குளிப்பவர், வியாபாரி, அறுப்பவர், அணிபவர் என்று ஒரு சங்கின் முழுப் பயணமும் அதில் இருக்கிறது. நல்ல சங்கை வடக்கே அனுப்பிவிட்டு, மிச்சத்தில் நாம் சாவிக்கொத்து செய்துகொண்டிருக்கிறோம். 57 மில்லிமீட்டர் குறுக்களவுக்குக் குறைந்த சங்கை எடுக்கக் கூடாது, திரும்பக் கடலில் விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது கையில் ஒரு ஸ்கேல் எடுத்துக்கொண்டு போங்கள்.

சங்கால் ஆன பொருள்களில் நம் வீடுகளுக்குள் வந்து ஜெயித்தது ஒன்று உண்டு. குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு. மூக்கு நீண்டு, சொட்டுச் சொட்டாக விழும்படி கடல் அமைத்த வடிவம். அதைப் பார்த்து வெள்ளியிலும் எவர்சில்வரிலும் பாலாடை செய்தார்கள். இன்றைக்கு பிளாஸ்டிக்கிலும் வருகிறது. பொருள் மாறினாலும் வடிவத்தைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை. திருத்த ஒன்றுமில்லை. ஒரு டிசைனுக்கு இதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

ஆனால் என்னிடம் கேட்டால், இந்தக் கரையில் கிளிஞ்சலை வைத்துச் செய்ததிலேயே உச்சமான படைப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது. பாக் நீரிணை மீனவர்கள் பேய்க்கணவாய் பிடிக்க உபயோகித்த கயிறு அது. பேய்க்கணவாய் என்றால் ஆக்டோபஸ். ஐவிரல் சங்கு என்று ஒன்று இருக்கிறது, ஓரத்தில் விரல் நீட்டின மாதிரி இருக்கும். அதன் காலி ஓட்டில் துளையிட்டு, ஒரு நீளக் கயிற்றில் இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில். கயிற்றைக் கடலடியில் கிடத்திவிட்டு வந்துவிடுவார்கள். இரை கிடையாது, முள் கிடையாது. பேய்க்கணவாய்க்கு எலும்பில்லை, ஓடில்லை, ஆகவே எப்போதும் பயம். சந்து பொந்து கண்டால் புகுந்துகொள்ளும். காலியான சங்கைப் பார்த்ததும் 'வாடகை இல்லாத வீடு' என்று உள்ளே போய் உட்கார்ந்துவிடும். கயிற்றை இழுத்தால், ஆபத்து என்று இன்னும் உள்ளே ஒடுங்குமே தவிர வெளியே குதிக்காது. சங்கோடு மேலே வந்துவிடும். ஹார்னல் இதையும் நின்று நிதானமாகப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

செத்த ஒரு ஜந்துவின் வீடு, உயிருள்ள இன்னொரு ஜந்துவின் சுபாவம், ஒரு கயிறு. மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு மனசு வேண்டும். பெரிய நகரத்து காலரியில் இந்தக் கயிற்றை வெள்ளைச் சுவரில் தொங்கவிட்டு, கீழே 'பெயரிடப்படாதது' என்று ஒரு அட்டை வைத்தால், நாம் கைகட்டி நின்று பார்ப்போம். பக்கத்தில் ஒயின் வேறு தருவார்கள். கடலடியில் கிடந்தபோது அது வெறும் 'மீன்பிடி சாதனம்'.

இன்றைக்கும் அப்படிப்பட்ட பொருள்கள் இந்தக் கரையில் உண்டாகிக்கொண்டுதான் இருக்கின்றன. பாம்பன் சின்னப்பாலம் போல ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் பாசி எடுக்கப் போகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி என்று அழகான பெயர். ஐஸ்கிரீமிலும் ஜெல்லியிலும் கெட்டிப்படுத்தச் சேர்க்கிற அகர் அகர் அதிலிருந்து வருகிறது. மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து பாசியைப் பிய்க்க வேண்டும். பாறை கையைக் கிழிக்கும். இதற்கென்று கம்பெனி எதுவும் உபகரணம் செய்து விற்கவில்லை. பழைய துணியைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொள்கிறார்கள். காலுக்கு ரப்பர் செருப்பு. பாசியைப் போட, மீன்வலையில் தைத்த பை இடுப்பில். சங்கு குளிக்கிறவர்கள் காலில் அலுமினியத் தகட்டைக் கட்டிக்கொண்டு மீன் துடுப்பு மாதிரி உதைத்துப் போவார்கள். பார்க்க விகாரமாக இருக்கும், தண்ணீருக்குள் போனால் அத்தனை லாவகம். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்ற பாசி எடுக்கும் பெண்மணிக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கொடுத்தார்கள். அது அவர் பாசியைக் காப்பாற்றியதற்கும் தன் கூட்டத்துக்காகப் பேசியதற்கும். அந்த விரல்துணிக்கு இன்னும் யாரும் விருது தரவில்லை.

அப்புறம் தெர்மாகோல் மிதவை. மீன்பெட்டி, பிரிட்ஜ் பெட்டி என்று எங்கெங்கோ மிஞ்சின தெர்மாகோல் அட்டைகளை அடுக்கி, பழைய வலையால் இறுக்கிக் கட்டி, ஒரு ஆள் ஏறி உட்காருகிற அளவுக்கு ஒரு தெப்பம். கரையோரத்தில் நண்டு வலை போட்டு எடுக்கப் போதும். இன்ஜின் இல்லை, டீசல் இல்லை, லோன் இல்லை. படகு வாங்க முடியாதவன் குப்பையிலிருந்து படகு செய்துகொண்டான். வடிவத்தில் பார்த்தால் அது கட்டுமரத்தின் பேரன்தான். கட்டுகிற முறை, கால் மடக்கி உட்காருகிற இடம், துடுப்புப் போடுகிற தோரணை எல்லாம் பரம்பரை. மரம் மட்டும் மாறிவிட்டது.

பாராட்டோடு நிறுத்த முடியாது. தெர்மாகோல் வெயிலில் உதிரும். வலையின் கண் வழியே வெள்ளை உருண்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்று கடலில் சேரும். மீன் அதை முட்டை என்று நினைத்து விழுங்கும். குப்பையில் செய்த பொருள் மறுபடியும் குப்பையாகிற வேகத்தையும் சேர்த்துத்தான் அதற்கு மார்க் போட வேண்டும். ஐவிரல் சங்குக் கயிறு அறுந்து கடலில் கிடந்தாலும் யாரும் சாகமாட்டார்கள், அடுத்த பேய்க்கணவாய் குடியேறும். தெர்மாகோல் தெப்பம் அறுந்தால் அப்படி இல்லை. ஆனால் இதை அந்த மிதவைக்காரரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. டிவி வாங்கும்போது அந்த அட்டையைக் கொண்டு வந்ததே நாம்தானே.

கடல் குப்பையைக் கலையாக்குவது இப்போது உலகம் முழுக்க ஒரு இயக்கம். ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூ கினிக்கும் நடுவில் எரூப் என்றொரு குட்டித் தீவு. யாரோ அறுத்துவிட்ட வலைகள் கடலில் தானாக அலைந்து ஆமையையும் மீனையும் கொன்றுகொண்டே இருக்கும். பேய்வலை என்கிறார்கள். அந்தத் தீவுக்காரர்கள் கரைக்கு வந்த பேய்வலையைப் பிரித்து, அதே நூலில் ஆளுயர ஆமையும் திருக்கையும் முடைகிறார்கள். எந்த வலை ஆமையைக் கொன்றதோ அதே வலை ஆமையாகிறது. சாயம் பூசவில்லை, வலையின் பச்சையும் நீலமும் அப்படியே தெரியும். வலை என்பதை மறைக்காததால்தான் அது உறைக்கிறது. கென்யாவில் ஓஷன் சோல் என்ற அமைப்பு, கரை ஒதுங்கிய ரப்பர் செருப்புகளை ஒட்டிச் செதுக்கி ஒட்டகச்சிவிங்கியும் காண்டாமிருகமும் செய்கிறது. அழகுதான், ஊர்ப்பட்ட விற்பனை. எனக்கு அதில் லேசாக நம் கிளிஞ்சல் ரோஜா ஞாபகம் வருகிறது. செருப்புக்கும் காண்டாமிருகத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் அங்கே எடுத்தது நிஜமான குப்பை, கரையும் சுத்தமாகிறது. அந்த அளவில் ரோஜாவைவிட மேல். கோவாவில் சுபோத் கேர்க்கர் என்ற டாக்டர், தொழிலை விட்டுவிட்டு ஓவியரானவர், சிப்பியையும் பழைய படகையும் மீனவர்களையும் வைத்துக் கடற்கரையையே கான்வாஸாக்கினார்.

நம் ஊர் உதாரணமும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் 'சுனாமிகா' என்று ஒரு பொம்மை பிறந்தது. தையல் கூடத்தில் மிஞ்சின துணித் துணுக்குகளில், பக்கத்துக் கடலோரக் கிராமத்துப் பெண்கள் செய்த விரல் அளவுப் பொம்மை. கடலைப் பார்க்கவே பயந்துபோய் உட்கார்ந்திருந்தவர்களின் கைக்கு ஒரு வேலை கொடுக்க ஆரம்பித்தது. அதை விற்கவில்லை, அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். வாங்கினவர்கள் விருப்பப்பட்டதை அனுப்பினார்கள். கலை நோக்கில் அது சாதாரணத் துணிப் பொம்மைதான். ஆனால் யார் செய்தது, எந்த மிச்சத்தில் செய்தது என்பது பொம்மையிலேயே தெரிந்தது. ராமேஸ்வரம் ரோஜாவில் எனக்குக் கிடைக்காதது இந்தத் தகவல்தான்.

இதெல்லாம் செய்தால் கடல் சுத்தமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2021-ல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தது. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 முழுகியது. இரண்டிலிருந்தும் பிளாஸ்டிக் மூலப்பொருளான, பருப்பு அளவு வெள்ளை மணிகள் கொட்டின. இரண்டாவது கப்பலின் மணிகள் கன்னியாகுமரிக் கரை வரை வந்தன. ஜல்லடை வைத்து மணலைச் சலித்தார்கள் தன்னார்வலர்கள். அதை வைத்து என்ன சிற்பம் செய்வீர்கள்? சில குப்பைக்குக் கலை கிடையாது. கப்பல் கம்பெனியிடம் கணக்குக் கேட்பதுதான் உண்டு.

கரையில் கிடைத்ததை எடுத்து உபயோகமாக்குவது என்றால் நம் முன்னோர்களுக்கு முதலில் ஞாபகம் வந்தது சுண்ணாம்புதான். செத்த கிளிஞ்சலைக் கரியோடு அடுக்கிச் சூளையில் சுட்டு, தண்ணீர் தெளித்து நீற்றினால் வெண்ணெய் மாதிரிச் சுண்ணாம்பு. வெற்றிலைக்கும் அதுதான், செட்டிநாட்டு வீட்டுச் சுவரின் கண்ணாடிப் பூச்சுக்கும் அதுதான். உடைந்தது, வெளுத்தது, நிறம் போனது எதுவானாலும் சூளைக்குச் சம்மதம். அழகான கிளிஞ்சலுக்காகக் கடலுக்குள் கை விடத் தேவையில்லாத தொழில்.

அந்தச் சுண்ணாம்பின் மறுபக்கத்தைத் தனுஷ்கோடியில் பார்க்கலாம். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ஊரும் ரயிலும் போன பிறகு மிச்சமிருப்பவற்றில் ஒன்று சர்ச்சின் சுவர். அது பவளக் கல்லால் கட்டியது. பூச்சு உதிர்ந்துவிட்டதால் கல்லின் மேல் பூப்பூவாக, நட்சத்திரம் நட்சத்திரமாக பவளப் பூச்சிகள் குடியிருந்த அறைகள் வெளியே தெரிகின்றன. கட்டியவர்கள் பூச்சு பூசி மறைத்திருந்ததைப் புயலும் உப்புக்காற்றும் உரித்துக் காட்டிவிட்டன. ஒரு பெரிய பாறைத்திட்டை உடைத்தால்தான் இப்படி ஒரு சுவர் கிடைக்கும் என்பதும் அப்போது தெரிகிறது. டூரிஸ்டுகள் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் சுரண்டி ஒரு துண்டு எடுத்துப் பையில் போட்டுக்கொள்வதையும் பார்த்தேன்.

சர்ச்சுக்கு எதிர்ப்பக்கம் வரிசையாகச் சிப்பிக் கடைகள். அங்கேயும் ரோஜா உண்டு. வரிசை முடிகிற இடத்தில், கடையென்று சொல்ல முடியாது, பழைய சாக்கை விரித்து ஒரு பாட்டி மாலை கோத்துக்கொண்டிருந்தார். அத்தனையும் வெளுத்த சின்னக் கிளிஞ்சல். மினுமினுப்பு கிடையாது. ஆனால் ஒவ்வொன்றிலும் முதுகுப் பக்கம் ஒரே மாதிரி, வட்டமாக, துல்லியமான ஒரு துளை.

"துளை எதை வச்சுப் போடுறீங்க பாட்டி?"

"நான் எங்க போட! அதுவா இருக்கும்பா. ஓட்ட உள்ளதா பாத்து எடுப்பேன்."

அவர் சொன்னது சரி. மணலுக்குள் வாழ்கிற ஒரு வேட்டை நத்தை கிளிஞ்சலைப் பிடித்து, நாக்கால் அராவி அராவித் துளை போட்டு, அதன் வழியே உள்ளே இருப்பதைச் சாப்பிட்டுவிடும். மிச்சம் காலி ஓடாகக் கரைக்கு வரும். ஆசிட் கடையிலும் மோட்டார் துளைக்கருவியிலும் கிடைக்காத சுத்தமான துளை. தலைமுடி அளவு கூடப் பிசிறில்லை.

மாலை இருபது ரூபாய். பதினைந்துக்குக் கேட்டார் என் பக்கத்தில் நின்றவர். பாட்டி நிமிர்ந்து பார்க்கவில்லை, கோத்துக்கொண்டே இருந்தார். கோத்த நூல், அறுந்த வலையிலிருந்து உருவிய நீல நைலான்.